சாப்பிட்டாச்சா... அப்புறம்?

கொரியத் தொடர்கள் பார்க்கிறவர்கள் நம் ஊரில் இப்போது ஒரு தனிக் கட்சியாகவே வளர்ந்துவிட்டார்கள். அவர்களிடம் பத்து நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் தவறாமல் வந்து விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "கொரியாக்காரங்க பார்த்த உடனே 'சாப்பிட்டியா'ன்னுதான் கேட்பாங்க. எவ்வளவு பாசம் பாருங்க!"

எதிர்க்கட்சியும் இருக்கிறது. "அதெல்லாம் சும்மா சம்பிரதாயம் சார். வெள்ளைக்காரன் 'ஹவ் ஆர் யூ'ன்னு கேட்கிற மாதிரிதான். பதிலை எதிர்பார்த்தா கேட்கிறான்?"

இரண்டு கட்சியிலும் உறுப்பினராக எனக்கு விருப்பமில்லை. பாசம் என்று சொல்லிப் பூரித்துப் போகிறவர்கள், அந்தக் கேள்வி எந்த வயிற்றிலிருந்து பிறந்தது என்று யோசிப்பதில்லை. சம்பிரதாயம் என்று தள்ளிவிடுகிறவர்கள், அந்தச் சம்பிரதாயத்தை ஒருநாள் ஒருவன் நிஜமாகவே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்த்ததில்லை. இரண்டுக்குமே கொரியாவில் சாட்சி இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தக் கேள்விகளைக் கொஞ்சம் வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

"பாப் மொகொஸ்ஸொயோ?" பாப் என்றால் சோறு. சோறு சாப்பிட்டாச்சா? தெருவில் பார்த்தாலும் கேட்பார்கள், போனிலும் கேட்பார்கள். காலையில் எழுந்தால், "ஜல் ஜஸ்ஸோ?" நல்லாத் தூங்கினியா? வழியில் எதிர்ப்பட்டால், "ஓதி காசேயோ?" எங்கே போறீங்க? இதற்கு அட்ரஸ் சொல்லவேண்டியதில்லை. 'இங்கதான், கொஞ்சம் வெளியே' என்றால் போதும். குளிர்காலத்தில் விடைபெறும்போது, சளி பிடிக்காமல் பார்த்துக்கோங்க என்பார்கள்.

வீட்டை விட்டுக் கிளம்புகிற பிள்ளை "தான்யோ ஓகெஸ்ஸும்னிதா" என்று சொல்லவேண்டும். அச்சு அசலாக நம்முடைய 'போயிட்டு வரேன்' தான். ஆனால் அவர்கள் அதோடு விடுவதில்லை. சாயங்காலம் திரும்பி வந்து வாசலில் ஷூவைக் கழற்றும்போது "தான்யோ வஸ்ஸும்னிதா" என்று குரல் கொடுக்கவேண்டும். போயிட்டு வந்துட்டேன். காலையில் திறந்த கணக்கை சாயங்காலம் முறையாக மூடிவிடுகிறார்கள். பி.காம். படித்தவனுக்கு இதைவிடத் திருப்தியான விஷயம் வேறு இருக்க முடியாது!

எல்லோருக்கும் தெரிந்த 'அன்யோங் ஹாசேயோ'வும் இதே ரகம்தான். அன்யோங் என்பது சீனத்திலிருந்து கொரியாவுக்கு வந்த சொல். ஆபத்தில்லாமல், அமைதியாக, சௌக்கியமாக இருப்பது என்று பொருள். சௌக்கியமாக இருக்கிறீர்களா? விடைபெறும்போது இரண்டு பேருக்கும் இரண்டு வாசகம். இருக்கிறவர் போகிறவரைப் பார்த்து, "அன்யோங்ஹி காசேயோ", பத்திரமாகப் போங்க. போகிறவர் இருக்கிறவரிடம், "அன்யோங்ஹி கேசேயோ", பத்திரமா இருங்க. யார் போகிறார், யார் தங்குகிறார் என்று பார்த்துத்தான் வாயைத் திறக்கவேண்டும். கொரிய மொழி படிக்கப் போகிறவர்கள் முதல் வாரத்தில் தடுக்கி விழுகிற இடம் இது.

கடையில் சாமான் வாங்கிக்கொண்டு கிளம்பும்போதும், டாக்சியை விட்டு இறங்கும்போதும் ஒன்று சொல்வார்கள். "சுகோ ஹாசேயோ." நேரடி அர்த்தம் என்ன தெரியுமா? 'சிரமப்படுங்க!' திட்டு இல்லை. 'நீங்க சிரமப்பட்டு வேலை செய்யறது எனக்குத் தெரியுது, தொடருங்க' என்கிற மரியாதை அது.

இந்த வரிசையை ஒரு தடவை திரும்பப் பாருங்கள். வயிறு, தூக்கம், கால் நடந்து போகிற வழி, கை செய்கிற வேலை, மூக்கில் சளி. எல்லாமே உடம்பைப் பற்றியவை. 'மனசு எப்படி இருக்கு' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆங்கிலக் கேள்விக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. 'எப்படி இருக்கே' என்றால் 'நல்லா இருக்கேன்' என்ற ஒரே பதில்தான். அதில் நிஜமும் இருக்கலாம், நடிப்பும் இருக்கலாம், யாருக்கும் தெரியாது. 'சாப்பிட்டியா' என்றால் ஆமாம் அல்லது இல்லை. 'இல்லை' என்று வந்துவிட்டால் கேட்டவருக்கு ஒரு வேலை வந்துவிட்டது. உட்காரவைத்துச் சோறு போடவேண்டும்.

இந்த 'இல்லை' என்ற பதில் கொரியாவில் ஒரு காலத்தில் சர்வ சாதாரணமாக வந்துகொண்டிருந்த பதில்.

அங்கே 'போரித்கொகே' என்று ஒரு வார்த்தை உண்டு. பார்லி மேடு. முந்தைய வருஷத்து அரிசி பங்குனி, சித்திரையில் தீர்ந்துவிடும். வயலில் பார்லி இன்னும் பச்சையாக நிற்கும். அது முற்றி அறுவடைக்கு வருகிறவரை உள்ள பசி மாதங்களை, மூச்சு முட்ட ஏறிக் கடக்க வேண்டிய ஒரு மேடாகப் பார்த்தார்கள் அந்த ஊர் விவசாயிகள். புல், வேர், மரப்பட்டையெல்லாம் வேகவைத்துச் சாப்பிட்ட மாதங்கள். ஜப்பான்காரன் ஆட்சியிலும் அந்த மேடு இருந்தது. 1950இலிருந்து 1953 வரை நடந்த யுத்தத்துக்குப் பிறகும் இருந்தது. 1960கள் வரைக்கும் இருந்தது.

அரசாங்கம் அரிசியைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கைகளைக் கேட்டால் இன்றைய கே-பாப் ரசிகர்கள் நம்பமாட்டார்கள். 1969இலிருந்து புதன், சனிக்கிழமைகளில் பகல் பதினொரு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஓட்டல்களில் அரிசிச் சோறு விற்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார். அரிசியோடு பார்லி கலந்திருக்கிறதா என்று சோதனை! பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு 'தோங்கில்' என்ற நெல் ரகத்தை உருவாக்கி, 1970களில் நாடு முழுக்கப் பயிரிட்டார்கள். ருசி சுமார்தான். விளைச்சல் அமோகம். 1977இல்தான் தென்கொரியா அரிசியில் தன் காலில் நின்றது.

ஆக, இன்றைக்கு அறுபதைத் தாண்டிய ஒரு கொரியப் பாட்டி 'சோறு சாப்பிட்டாச்சா' என்று கேட்டால், அந்தக் கேள்விக்குள் டிபன் பாக்ஸ் சோதனையும் இருக்கிறது, பார்லி மேடும் இருக்கிறது. அவள் வானிலையை விசாரிக்கவில்லை. குடும்பத்தைச் சேர்ந்தவரை அவர்கள் 'ஷிக்கு' என்பார்கள். அந்தச் சொல்லை உருவாக்கியிருக்கும் இரண்டு சீன எழுத்துகளின் பொருள் 'உண்ணும் வாய்'. ரத்தத்தைச் சொல்லவில்லை, கூரையைச் சொல்லவில்லை. ஒரே சோற்றைச் சாப்பிடுகிற வாய்கள்தான் குடும்பம். உடம்பின் தெம்புக்கும் 'பாப்ஷிம்' என்று பெயர். சோற்று பலம்.

இவ்வளவையும் கேட்டபிறகு பாசக் கட்சிக்காரர்கள் 'பார்த்தீங்களா, நாங்க சொன்னோமில்ல' என்று கைதட்டக்கூடும். கொஞ்சம் பொறுங்கள்.

இதே 'சாப்பிட்டியா'வை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டுவிட முடியாது. நண்பனிடம், தம்பி தங்கையிடம் 'பாப்'. ஆபீஸ் மேலதிகாரியிடம், அதிகம் பழக்கமில்லாதவரிடம் 'ஷிக்ஸா', அதாவது உணவு. தாத்தா பாட்டியிடம் 'ஜின்ஜி'. அதுவும் சோறுதான், ஆனால் மரியாதைக்குரியவர் வயிற்றுக்குள் போகிற சோறு. சாப்பிடுவதற்கும் வேறு வேறு வினைச்சொற்கள். தூங்குவதற்கும் அப்படியே. தம்பி தூங்குவான், தாத்தா துயில் கொள்வார். இரண்டும் ஒரே குறட்டையாக இருக்கலாம். சொல் வேறு.

அதனால் ஒருவர்மீது அக்கறை காட்டுவதற்கு முன்னால் அவர் வயசு என்ன, பதவி என்ன என்று தெரிந்தாகவேண்டும். புதிதாக அறிமுகமாகிற இரண்டு கொரியர்கள் சீக்கிரமே வயசை விசாரித்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வம்பு பேசுவதற்கு இல்லை. எந்த ஏணிப்படியில் நின்று பேசுவது என்று முடிவு செய்வதற்கு. மேலே சொன்ன 'சுகோ ஹாசேயோ'வும் இதில் மாட்டிக்கொள்ளும். கடைக்காரரிடம் சொல்லலாம், கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லலாம், பெரியவர்களிடம் சொல்வது மரியாதைக் குறைவு என்கிறார்கள் மொழி நெறிமுறைக்காரர்கள். 'சிரமப்படு' என்று மேலே இருப்பவருக்கு உத்தரவு போட நீ யார்?

ஆகவே கொரிய அக்கறை தண்ணீர் மாதிரி சமதளத்தில் பரவுவது கிடையாது. மேலிருந்து கீழே செல்லமாக இறங்கும், கீழிருந்து மேலே குனிந்துகொண்டு ஏறும். இதில் அழகும் இருக்கிறது, மூச்சுமுட்டலும் இருக்கிறது. மேலதிகாரி 'சாப்பிட்டியா' என்று கேட்டால் அது விசாரிப்பா, சேர்ந்து சாப்பிட வா என்ற உத்தரவா என்று ஜூனியர் முழிக்கிற காட்சியை ஆபீஸ் கதைத் தொடர்களில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்!

சப்டைட்டில் மீது எனக்குள்ள முக்கியமான புகாரே இதுதான். பாப், ஷிக்ஸா, ஜின்ஜி மூன்றும் ஆங்கிலத்தில் 'டிட் யூ ஈட்' என்று ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு வேறு வழியில்லை, விட்டுவிடலாம். ஆனால் அந்த ஆங்கிலத்தைப் பார்த்து யாராவது தமிழில் எழுதினால் அது அநியாயம். 'சாப்ட்டியா', 'சாப்ட்டீங்களா', 'சாப்பிட்டாச்சுங்களா' என்று நம்மிடம் கூடை நிறைய இருக்கிறதே! போயிட்டு வரேன் இருக்கிறது, பார்த்துப் போங்க இருக்கிறது. கொரியனிலிருந்து நேரே எடுத்தால் பாதிக்கு மேல் சேதாரமில்லாமல் வந்து சேரும். சுற்று வழியில் போய் லக்கேஜைத் தொலைப்பானேன்?

தொலைந்த லக்கேஜுக்கு ஒரு பிரபலமான உதாரணம் இருக்கிறது. பின்னாளில் 'பாரசைட்' எடுத்து ஆஸ்கர் வாங்கிய போங் ஜூன் ஹோ, 2003இல் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' என்று ஒரு படம் எடுத்தார். 1986இலிருந்து 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் தொடர்ச்சியாகப் பெண்கள் கொல்லப்பட்ட நிஜச் சம்பவம்தான் கதைக்கு அடிப்படை. படத்தின் கடைசிப் பகுதி. கொட்டும் மழை. ரயில் சுரங்கப்பாதை வாசல். இவன்தான் கொலைகாரன் என்று போலீஸ் நம்பிக்கொண்டிருக்கும் இளைஞனின் டி.என்.ஏ. ரிசல்ட் அமெரிக்காவிலிருந்து வருகிறது. பொருந்தவில்லை. சோங் காங் ஹோ நடித்த கிராமத்து டிடெக்டிவ், கண்ணைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவதாகப் பீற்றிக்கொள்கிற ஆள், அந்த இளைஞனின் முகத்தைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்க்கிறார். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அவர் கேட்பது, வேளைக்குச் சோறாவது சாப்பிடுகிறாயா என்று.

அவ்வளவுதான். கொரியாவில் அந்த ஒரு வரி இருபது வருஷத்துக்கு மேலாகப் பேசப்படுகிறது. நடிகரே ஷூட்டிங்கில் யோசித்துச் சொன்ன வசனம் என்பார்கள். அதற்கு எத்தனையோ வியாக்கியானங்கள். இவ்வளவும் செய்துவிட்டு உன் தொண்டையில் சோறு இறங்குகிறதா என்ற அருவருப்பு என்கிறார்கள் சிலர். தப்பான ஆளைத் துரத்திவிட்டோமோ என்ற இரக்கம் என்கிறார்கள் சிலர். என் வாசிப்பு இன்னும் சாதாரணமானது. விசாரணை, அடி உதை, விஞ்ஞானம் எல்லாம் தோற்றுப் போனபிறகு ஒரு மனுஷனிடம் கேட்பதற்கு அந்த மொழியில் மிச்சம் இருந்தது அந்தக் கேள்விதான். அன்பு இல்லாத இடத்திலும் அது வாயில் வந்துவிடுகிறது. நீயும் மனுஷன்தானா என்று கேட்க, நீயும் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறார்.

நான் பார்த்த ஆங்கில சப்டைட்டிலில் சோறே காணோம். நீயும் தினம் காலையில் எழுந்திருக்கிறாயா என்பது போல ஏதோ வந்தது. அர்த்தம் சுமாராகச் சரிதான், வயிறு போய்விட்டது. (நிஜமான கொலைகாரன் 2019இல் டி.என்.ஏ. மூலம் அடையாளம் காணப்பட்டான். வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஜெயிலில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தான், மூன்று வேளைச் சோற்றோடு.)

சரி, சம்பிரதாயக் கட்சிக்கு வருவோம். அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. "ஓன்ஜே பாப் ஹான்போன் மொக்ஜா" என்று கொரியாவில் ஒரு பிரசித்தமான வாக்கியம். எப்போவாவது ஒரு தடவை சேர்ந்து சாப்பிடலாம். பழைய நண்பர்கள் ரோட்டில் சந்தித்துப் பிரியும்போது தவறாமல் சொல்வார்கள். அந்த 'எப்போவாவது' அநேகமாக வராது. தேதி போடாத செக் அது. பாங்கில் மாறாது, ஆனால் கையில் வாங்கிக்கொள்ளும்போது இரண்டு பேருக்குமே சந்தோஷம்.

சோறே அந்த ஊரில் இப்போது மதிப்பிழந்து வருகிறது. 1970இல் ஒரு தென்கொரியர் வருஷத்துக்குச் சுமார் 136 கிலோ அரிசி சாப்பிட்டார். 2023இல் அது 56 கிலோ. ரொட்டி, நூடுல்ஸ், இறைச்சி, டயட். அரிசி மிச்சமாகி அரசாங்கம் வாங்கிக் குவித்துவைக்கிறது. பசி போய்விட்டது, கேள்வி மட்டும் நிற்கிறது. அப்படியென்றால் அது வெறும் பழக்கம்தானே?

2013 டிசம்பரில் ஒரு மாணவர் இதற்குப் பதில் சொன்னார்.

அப்போது அங்கே ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தார்கள். கே.டி.எக்ஸ். அதிவேக ரயிலின் ஒரு தடத்தைத் தனிக் கம்பெனியாகப் பிரிப்பது தனியார்மயத்துக்குப் போடுகிற பாதை என்பது அவர்கள் பயம். நிர்வாகம் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அதிரடியாகப் பொறுப்பிலிருந்து விலக்கிவைத்தது. டிசம்பர் 10ஆம் தேதி சியோலில் உள்ள கொரியா பல்கலைக்கழகத்தின் சுவரில், பெரிய தாளில் கையாலேயே எழுதிய ஒரு போஸ்டரை ஒட்டினார் ஒரு மாணவர். நாட்டில் நடப்பதையெல்லாம் சொல்லிவிட்டு, படிப்பவர்களைப் பார்த்து அவர் கேட்டது ஒரே கேள்வி. 'அன்யோங்துல் ஹாஷிம்னிக்கா?' எல்லோரும் சௌக்கியமா?

தினசரி ஆயிரம் தடவை சொல்கிற வணக்கம்தான். ஆனால் இந்தத் தடவை அது கேள்வியாகக் கேட்டது. இவ்வளவு நடக்கும்போது நீங்கள் நிஜமாகவே சௌக்கியமா? உங்களுக்கு உறுத்தவில்லையா?

பதில்கள் வர ஆரம்பித்தன. பக்கத்திலேயே இன்னொரு போஸ்டர். அடுத்த கல்லூரியில் இன்னொன்று. சில நாட்களில் நாடு பூராவும், பள்ளி மாணவர்கள், வேலை தேடுகிறவர்கள், வீட்டுப் பெண்கள் எல்லோரும் எழுதினார்கள். சாராம்சம் ஒன்றுதான். 'இல்லை. நான் சௌக்கியமாக இல்லை.' கல்விக் கடன், வேலையில்லாத் திண்டாட்டம், வாயைத் திறக்கப் பயம் என்று அவரவர் காரணம். வணக்கத்துக்கு 'இல்லை' என்று பதில் சொல்லலாம் என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலைநிறுத்தம் 22 நாள் நடந்து முடிந்தது, கோரிக்கை நிறைவேறவில்லை. அந்தக் கேள்வி மட்டும் மறக்கப்படவில்லை.

கொரிய மொழியில் நலம் விசாரிப்பதற்கு 'அன்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. நம் அன்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம், உச்சரிப்பு ஒற்றுமை மட்டும்தான். அதிலும் இரண்டு சீன எழுத்துகள். 'அன்' என்றால் நலம். 'பு' என்றால் இல்லை. நலமா, இல்லையா? விசாரிப்பு என்ற சொல்லுக்குள்ளேயே 'இல்லை' என்ற பதிலுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிட நேர்மையான வார்த்தை கிடையாது. கேட்கிறவர் அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறாரா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த இடம் இருந்தால் சம்பிரதாயமும் அக்கறைதான். இல்லையென்றால் பாசமும் வெறும் சத்தம்.

இது ஏதோ மொழி ஆராய்ச்சி என்று நினைக்காதீர்கள். இன்றைய கொரியாவில் உயிர் போகிற பிரச்னை.

'கோதொக்ஸா' என்று ஒரு சொல் அங்கே செய்திகளில் அடிக்கடி வருகிறது. தனிமைச் சாவு. யாரோடும் தொடர்பில்லாமல் தனியாக இருந்து, தனியாகவே செத்துப்போய், பிறகு எப்போதோ கண்டுபிடிக்கப்படுவது. இதைத் தடுப்பதற்கென்றே தனிச் சட்டம் போட்டு 2021 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அரசாங்கக் கணக்குப்படி 2023இல் இப்படி இறந்தவர்கள் 3,661 பேர். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆண்கள். பாதிக்கு மேல் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருந்தவர்கள். வேலை போய், குடும்பம் பிரிந்து, ஒற்றை அறையில் ஒதுங்கியவர்கள். அதே வருஷம் நாட்டிலுள்ள குடும்பங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஒற்றை ஆள் குடும்பம். தனியாகச் சாப்பிடுவதற்கு 'ஹோன்பாப்' என்று பெயரே வந்துவிட்டது. சோறு சாப்பிட்டாச்சா என்று கேட்பதைப் பண்பாடாக வைத்திருக்கும் நாட்டில், அந்தக் கேள்வி வாரக்கணக்கில் போய்ச் சேராத மனிதர்கள் இத்தனை பேர்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியங்களைப் பாருங்கள். முதலாவது, யாகுல்ட் அம்மாக்கள். தெருத்தெருவாகப் போய் வீட்டுக்கு வீடு தயிர்பான பாட்டில் கொடுக்கும் பெண்கள். 1971இல் 47 பேரோடு ஆரம்பித்த விற்பனை ஏற்பாடு. 1994இலிருந்து அவர்களில் பலர், தனியாக வசிக்கும் முதியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறார்கள். உள்ளாட்சி அலுவலகங்களோடு ஒப்பந்தம். பாட்டில் எடுக்கப்படாமல் கிடக்கிறதா, குரல் கொடுத்தும் பதில் இல்லையா, உடனே தகவல் போய்விடும். கொஞ்சம் யோசியுங்கள். இதில் முக்கியம் அந்த அம்மா கேட்கிற கேள்வி இல்லை. பதில் வராவிட்டால் அவர் சும்மா போய்விடமாட்டார் என்பது.

இரண்டாவது, மெஷின். நேவர் கம்பெனி 'க்ளோவா கேர்கால்' என்று ஒரு ஏற்பாட்டை 2021 நவம்பரில் பூசான் நகரின் ஹேயுந்தேயில் சோதனையாக ஆரம்பித்து, அடுத்த வருஷம் மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோனது. தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு போன் செய்யும். சாப்பிட்டீங்களா, நல்லாத் தூங்கினீங்களா, உடம்பு எப்படி இருக்கு என்று தேன் குரலில் கேட்கும். எல்லாம் அதே பழைய கேள்விகள். மரியாதை விகுதிகூட ஒன்று குறையாது.

முதலில் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருநாளும் சோறு சாப்பிடாத ஒன்று, சோறு சாப்பிட்டீங்களா என்று கேட்கலாமா? வயிறில்லாதவனின் விசாரிப்பில் என்ன இருக்கிறது? ஆனால் நம்முடைய அளவுகோலை நாமே தூக்கிப் போட்டுவிடக்கூடாது. அந்த மெஷினிடம் ஒரு கிழவர் 'இல்லை, மூணு நாளா சாப்பிடலை' என்று சொல்லி, அது ஓர் ஊழியரின் மேஜைக்குப் போய், அவர் கிளம்பிப் போய்க் கதவைத் தட்டினால், அந்தக் கேள்வி பலித்துவிட்டது. பதினைந்து வருஷமாக 'எப்போவாவது சாப்பிடலாம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் நண்பரைவிட மெஷின் மேல். அந்தப் பதில் வெறும் புள்ளிவிவரமாக எங்கேயோ சேமிக்கப்பட்டால், அது உலகத்திலேயே விலை உயர்ந்த சம்பிரதாயம். சரிபார்க்க வேண்டியது மெஷினை இல்லை. அதற்குப் பின்னால் எழுந்து போகிற ஆள் இருக்கிறாரா என்பதை.

சியோல் மாநகராட்சி 2024 அக்டோபரில் 'தனிமை இல்லாத சியோல்' என்று ஒரு திட்டம் அறிவித்தது. ஐந்து வருஷத்துக்கு 45,130 கோடி வொன். இருபத்துநாலு மணிநேரமும் போனில் பேச ஒரு நம்பர். அதோடு 2025இல் 'மனசுக் கடை' மாதிரி ஒன்றை நான்கு இடங்களில் திறந்தார்கள். உள்ளே போனால் உட்காரலாம், பேசலாம், பேசாமலும் இருக்கலாம். அப்புறம், ஒரு கிண்ணம் ராம்யோன் போட்டுச் சாப்பிடலாம். அரசாங்க அதிகாரிகள் எத்தனையோ மீட்டிங் போட்டு யோசித்திருப்பார்கள். கடைசியில் வந்து நின்ற இடம், அந்தப் பாட்டி கேட்ட கேள்விதான். சாப்பிட்டாச்சா? இல்லையா? வா, உட்கார்.

அதனால் பாசக் கட்சிக்கு என் சிபாரிசு இது. அடுத்த தடவை தொடரில் யாராவது 'பாப் மொகொஸ்ஸொயோ' என்று கேட்டால், கேட்டவரின் முகத்தைப் பார்த்து உருகவேண்டாம். கேட்ட பிறகு அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பதில் வருகிறவரை நிற்கிறாரா, அல்லது போனைப் பார்த்துக்கொண்டே லிஃப்டுக்குள் போய்விடுகிறாரா என்று. நல்ல இயக்குநர்கள் இந்த இரண்டு பேரையும் வேறு வேறாகக் காட்டத் தெரிந்தவர்கள்.

சம்பிரதாயக் கட்சிக்கும் ஒன்று. யாராவது உங்களிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டு, நீங்கள் சாப்பிட்டிருக்காவிட்டால், ஒரே ஒரு தடவை 'இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். அது சம்பிரதாயமா இல்லையா என்று அடுத்த நிமிஷம் தெரிந்துவிடும்.